உணவுக் கொழுப்பும் உடம்பும்: பருமன், அழற்சி, இன்சுலின் எதிர்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் பலரின் காதில் விழும் முதல் அறிவுரை, "கொழுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். எந்தக் கொழுப்பை, எவ்வளவு, அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுவது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. இணையத்தில் தேடினால் ஒருவர் எண்ணெயே விஷம் என்கிறார், இன்னொருவர் வெண்ணெயை அள்ளிச் சாப்பிடச் சொல்கிறார். இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்காக எழுதியது இது.

கொழுப்பு சாப்பிட்டால் உடம்பில் கொழுப்பு ஏறும். இதில் சந்தேகம் என்ன இருக்கிறது?

தேவைக்கு மேல் போனால் நிச்சயம் ஏறும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது; மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். மிஞ்சிய கொழுப்பைச் சேர்த்துவைக்க உடம்பு பெரிதாக மெனக்கெடுவதும் இல்லை. 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அளவுக்கு மீறிக் கொடுத்த கொழுப்பில் 90 முதல் 95 சதவீதம் வரை அப்படியே சேமிப்புக்குப் போனது. அதே கலோரியை மாவுச்சத்தாகக் கொடுத்தபோது 75 முதல் 85 சதவீதம் சேமிப்பானது.

ஆனால் 'தேவைக்கு மேல்' என்பதை விட்டுவிட்டுப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம். 2018இல் வெளியான டயட்ஃபிட்ஸ் ஆய்வில் 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொழுப்பு குறைந்த உணவையும் மற்றதற்கு மாவுச்சத்து குறைந்த உணவையும் பழக்கினார்கள். ஓராண்டு கழித்து முதல் குழு சராசரியாக 5.3 கிலோ, இரண்டாவது குழு 6 கிலோ குறைந்திருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவுதான். ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வில் ஒரு குழுவை ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கலோரிக் கட்டுப்பாடு எதுவும் விதிக்கவில்லை. பல ஆண்டுகள் கவனித்ததில் அவர்கள் எடை கூடிவிடவில்லை.

எண்ணெய்ப் பண்டம் தின்று எடை கூடுவதைக் கண்ணால் பார்க்கிறோமே?

அதுவும் உண்மைதான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த அசைவ உணவும் கொடுத்தது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கொழுப்பு குறைந்த வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். அதே குழு அதற்கு முன், 2019இல், இன்னொரு சோதனையை வெளியிட்டிருந்தது. அதில் இரண்டு வகை உணவிலும் பரிமாறிய கொழுப்பு, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. ஒன்று தொழிற்சாலையில் பெரிதும் பதப்படுத்தியது, மற்றது அப்படிச் செய்யாதது. பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். கொழுப்பு தனியாக வந்தால் சீக்கிரம் திகட்டிவிடும். வெறும் வெண்ணெயை எத்தனை ஸ்பூன் தின்ன முடியும்? அதையே மைதாவும் சர்க்கரையும் சேர்த்து மெல்லத் தேவையில்லாத பதத்தில் கொடுத்தால் கணக்கே தெரியாமல் போய்விடும். எடை கூடிய பழியை எண்ணெய் மேல் மட்டும் போடுவது பாதி உண்மை.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் சரியாக என்ன?

சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது மூன்று இடங்களுக்குச் செய்தி கொண்டுபோகிறது. தசையிடம் "ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்" என்கிறது. கல்லீரலிடம் "நீ சர்க்கரையை வெளியே விடுவதை நிறுத்து" என்கிறது. கொழுப்புத் திசுவிடம் "சேமிப்பைத் திறக்காதே" என்கிறது. இன்சுலின் எதிர்ப்பு வந்தவருக்கு, ஒரு முறை கூப்பிட்டால் எழுந்து வந்த தசை இப்போது நாலு முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். கணையம் இன்னும் இன்னும் சுரந்து சமாளிக்கும். அது சமாளிக்கும் வரை, அதாவது பல ஆண்டுகள் வரைகூட, சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். 'சுகர் நார்மல்' என்ற அறிக்கையோடு நிம்மதியாக இருந்தவருக்குத் திடீரென்று நீரிழிவு வந்ததுபோல் தோன்றுவது இதனால்தான்.

இது சர்க்கரை விவகாரம் ஆயிற்றே, கொழுப்புக்கு இதில் என்ன வேலை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உடம்பில் கொழுப்பு இருப்பது நோய் அல்ல. அது இருக்கக் கூடாத இடத்தில் போய்ச் சேர்வதுதான் நோய். தோலுக்கு அடியில், இடுப்பிலும் தொடையிலும் இருக்கும் கொழுப்புத் திசு ஒரு நல்ல கிடங்கு. அதில் இடம் இருக்கும் வரை மிஞ்சியதை வாங்கி வைத்துக்கொள்ளும். கிடங்கு நிறைந்துவிட்டாலோ, பிறவியிலேயே சிறியதாக இருந்தாலோ, கொழுப்பு வழிந்து கல்லீரல், தசை, கணையம், வயிற்று உள்ளுறுப்புகளைச் சுற்றியுள்ள பகுதி என்று போய்த் தங்குகிறது. அங்கிருந்து தொடங்குகிறது தொல்லை.

இதற்கு வலுவான சாட்சி, லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய். இவர்களுக்குக் கொழுப்புத் திசு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. பார்க்க ஒல்லியாக, தசை முறுக்கோடு இருப்பார்கள். கொழுப்புதான் குற்றவாளி என்றால் இவர்கள்தான் மிக ஆரோக்கியமாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. கடுமையான இன்சுலின் எதிர்ப்பு, கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் மிக உயர்ந்த டிரைகிளிசரைடு (உடம்பு கொழுப்பைச் சேமித்து வைக்கும் வடிவம்). கிடங்கு இல்லாததால் சரக்கெல்லாம் வீட்டுக்குள் குவிகிறது.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை அறுவை சிகிச்சை மூலம் கிலோக்கணக்கில் உறிஞ்சி எடுத்தார்கள். எடை குறைந்தது, இன்சுலின் எதிர்ப்பு குறையவில்லை. பியோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மாத்திரை இன்னும் விசித்திரம். அது எடையைக் கொஞ்சம் கூட்டும், கூடவே இன்சுலின் வேலை செய்வதையும் மேம்படுத்தும். கல்லீரலிலிருந்து கொழுப்பை எடுத்துத் தோலடிக் கிடங்குக்கு மாற்றுவதுதான் அதன் உத்தி.

சரி, கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்த கொழுப்பு அங்கே என்ன செய்கிறது? அடைபட்டுக் கிடக்கும் டிரைகிளிசரைடு துளிகள் பெரும்பாலும் சாதுவானவை. அவற்றோடு உருவாகும் இடைப்பொருள்கள்தான் கெடுதல் செய்கின்றன. டைஅசைல்கிளிசரால் என்ற பொருள் கூடும்போது சில நொதிகள் தூண்டப்பட்டு, இன்சுலின் கொண்டுவந்த செய்தி செல்லுக்குள் நுழையும் வாசலிலேயே தடைபடுகிறது. செராமைடு என்ற இன்னொன்று அதே செய்திச் சங்கிலியை உள்ளே வேறோர் இடத்தில் அறுக்கிறது. நீண்ட தூரம் ஓடிப் பழகிய விளையாட்டு வீரர்களின் தசையிலும் கொழுப்புத் துளிகள் நிறைய உண்டு. ஆனாலும் அவர்களிடம் இன்சுலின் அருமையாக வேலை செய்கிறது. அவர்கள் அந்தக் கொழுப்பை நாள்தோறும் எரித்து நிரப்பி எரித்து நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தேங்கி நிற்பதில்லை.

அழற்சி என்கிறார்களே, எனக்கு வலியும் இல்லை வீக்கமும் இல்லையே?

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது குறுகிய கால அழற்சி. இங்கே பேசுவது சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் எரியும் மெல்லிய அழற்சி. சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையில் சற்று உயர்ந்து தெரியலாம், அவ்வளவுதான்.

இது பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே பிறக்கிறது. கொழுப்புச் செல் அளவுக்கு மீறி வீங்கும்போது அதற்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. சில செல்கள் இறக்கின்றன. துப்புரவு செய்ய மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து சேர்கின்றன. 2003இல் வந்த ஆய்வுகள் இந்தக் கூட்டத்தைக் கணக்கெடுத்துக் காட்டின. ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. மிகவும் பருமனானவர்களிடம் 40 சதவீதத்தை நெருங்குகிறது. அவை டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப்-ஆல்ஃபா மிகுந்திருப்பதையும், அதை முடக்கினால் இன்சுலின் எதிர்ப்பு குறைவதையும் 1993இலேயே ஹோட்டமிஸ்லிகில் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. இதே நேரத்தில், இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் பருமன் கூடக்கூடக் குறைகிறது.

உண்ணும் கொழுப்பு நேரடியாகவும் அழற்சியைத் தூண்டுமா? பால்மிட்டிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெய், நெய், பாமாயில் போன்றவற்றில் மிகுந்திருக்கும் வகை), பாக்டீரியாக்களை அடையாளம் காண நம் செல்களில் உள்ள டிஎல்ஆர்4 என்ற உணரியைத் தூண்டுகிறது என்று முதலில் சொன்னார்கள். அது அந்த உணரியோடு நேரடியாக ஒட்டுவதில்லை, வழி சுற்றுவழி என்று 2018இல் வந்த ஆய்வு திருத்தியது. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் குடல் பாக்டீரியாக்களின் சிதைவுப் பொருள் ரத்தத்தில் சிறிதளவு கசிவதும் பதிவாகியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிஎன்எஃப்-ஆல்ஃபாவைத் தடுக்கும் மருந்தை நீரிழிவு உள்ள மனிதர்களுக்குக் கொடுத்தபோது, எலிகளிடம் கண்ட பலன் கிடைக்கவில்லை. அழற்சி இந்தக் கதையில் ஒரு முக்கியப் பாத்திரம். கதை முழுவதும் அதுவே இல்லை. 'அழற்சியை அடக்கும் உணவு' என்ற பெயரில் எதையாவது விற்க வருபவரிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கொழுப்பும் ஒன்றுதானா? கலோரி ஒன்றுதானே?

கலோரி ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறு. இதை அழகாகக் காட்டியது 2014இல் ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த சோதனை. எடை சரியாக இருந்த 39 இளைஞர்களுக்கு 7 வாரம் தினமும் கூடுதலாக மஃபின் கேக் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலில் செய்தது, மறுபாதிக்கு நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு தரப்பிலும் எடை ஒரே அளவு, சுமார் 1.6 கிலோ கூடியது. ஆனால் பாமாயில் தரப்பில் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. சூரியகாந்தித் தரப்பில் தசை போன்ற கொழுப்பற்ற திசு அதிகம் கூடியது.

2018இல் ஃபின்லாந்தில் 38 பேருக்கு 3 வாரம், நாளுக்கு 1000 கலோரி கூடுதல். நிறைவுற்ற கொழுப்பாகக் கொடுத்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. நிறைவுறாக் கொழுப்பாகக் கொடுத்தவர்களுக்கு 15 சதவீதம். சர்க்கரையாகக் கொடுத்தவர்களுக்கு 33 சதவீதம். நிறைவுற்ற கொழுப்புக் குழுவில் ரத்தச் செராமைடும் இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்தே ஏறின.

மிகையாகச் சாப்பிடாதபோது? 2001இல் வெளியான கன்வு ஆய்வில் 162 பேர் மூன்று மாதம் சாப்பிட்டார்கள். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவில் இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்கும் திறன், 10 சதவீதம் குறைந்தது. ஆலிவ் எண்ணெயில் இருப்பது போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த உணவில் குறையவில்லை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மொத்தக் கலோரியில் 37 சதவீதத்துக்கு மேல் கொழுப்பாகவே சாப்பிட்டவர்களிடம் இந்த நன்மை காணவில்லை. நல்ல எண்ணெய் என்பதற்காக அளவை மறந்துவிட முடியாது.

விதை எண்ணெய்களில் உள்ள ஒமேகா-6 அழற்சியைக் கூட்டும் என்று நிறைய காணொளிகள் சொல்கின்றனவே?

காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். இந்த எண்ணெய்களில் உள்ள முக்கிய ஒமேகா-6 ஆன லினோலெயிக் அமிலம் உடம்பில் அராக்கிடோனிக் அமிலமாக மாறும், அதிலிருந்து அழற்சிப் பொருள்கள் பிறக்கும் என்பது வாதம். ஆனால் உடம்பு இந்த மாற்றத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது; லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்த மனிதச் சோதனைகளில் அழற்சிக் குறியீடுகள் ஏறவில்லை. 2017இல் ஏறத்தாழ 40,000 பேரின் ரத்த அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, லினோலெயிக் அமிலம் அதிகம் இருந்தவர்களுக்கு வகை 2 நீரிழிவு குறைவாகவே வந்திருந்தது. இந்த எண்ணெயில் பொரித்துப் பாக்கெட்டில் அடைத்து வரும் பண்டம் கெடுதல்தான். அந்தப் பழியை எண்ணெய்ப் பாட்டில் மேல் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அது சிதைந்து கெட்ட பொருள்கள் உருவாகும். அது தனிக் கேடு.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்கட்டுமா?

இன்சுலின் எதிர்ப்புக்காக என்றால் வேண்டாம் என்பேன். ஒமேகா-3 அழற்சியை அடக்கும் வழிகள் எலிகளிடம் தெளிவாகக் கண்டறியப்பட்டவை. ஆனால் 83 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வில், ஒமேகா-3 மாத்திரைகளால் நீரிழிவைத் தடுப்பதில் பலன் ஏதும் இல்லை என்றே தெரிந்தது. டிரைகிளிசரைடு மிக உயர்ந்தவர்களுக்கு மருத்துவர் அதிக அளவில் எழுதிக்கொடுப்பது வேறு விஷயம், அது பலன் தரும். மீனைச் சாப்பிடுவதும் நல்லதே.

டிரான்ஸ் கொழுப்பு?

திரவ எண்ணெயைக் கெட்டியாக்குவதற்காகப் பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் இருப்பது. கெட்ட கொலஸ்டிரால் எனும் எல்டிஎல்லை ஏற்றி, நல்ல எச்டிஎல்லை இறக்கும், அழற்சியையும் கூட்டும். டென்மார்க் 2003இலேயே கட்டுப்பாடு கொண்டுவந்தது, அமெரிக்கா அந்த எண்ணெயை உணவிலிருந்து நீக்க 2015இல் முடிவெடுத்தது. பொட்டலத்தில் 'டிரான்ஸ் கொழுப்பு 0' என்று போட்டிருந்தாலும் உட்பொருள் பட்டியலில் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைந்தால் பூஜ்யம் என்று எழுத சில நாடுகளில் சட்டமே இடம் தருகிறது.

'லோ ஃபேட்' என்று போட்ட பொருள்களை வாங்கினால் போதுமா?

எடுத்த கொழுப்புக்குப் பதிலாக என்ன போட்டார்கள் என்று பாருங்கள். பல பொருள்களில் அது சர்க்கரையோ மாவோதான். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அப்படி அது செய்யும் கொழுப்பில் முதன்மையானது அதே பால்மிட்டிக் அமிலம். வாசல் வழியாக விரட்டியது கொல்லை வழியாக வந்துவிடுகிறது. நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விதைகள், கொட்டைகள், மீன், திரவ எண்ணெய் போன்ற பன்மை நிறைவுறாக் கொழுப்பை வைத்தால்தான் பலன். 102 உணவுச் சோதனைகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு இதைத்தான் சொன்னது. சர்க்கரை அளவு, இன்சுலின் எதிர்ப்பு, இன்சுலின் சுரப்பு மூன்றுமே அப்போது மேம்பட்டன.

அப்படியானால் எவ்வளவு சாப்பிடலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன அளவு இது. மொத்தக் கலோரியில் கொழுப்பு 30 சதவீதம் அல்லது அதற்குள், நிறைவுற்றது 10 சதவீதத்துக்குள், டிரான்ஸ் 1 சதவீதத்துக்குள். நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு இது சுமார் 67 கிராம், 22 கிராம், 2 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரி. கண் அளவில் ஊற்றுவதை விட்டு ஒரு வாரம் மட்டும் கரண்டியில் அளந்து ஊற்றிப் பாருங்கள், உங்கள் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். 30 சதவீதம் என்பதைவிட 10 சதவீதம் என்ற வரம்பைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எனக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாடா போதும், தொடக்கத்துக்கு. இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா? கழுத்துப் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருக்கிறதா? டிரைகிளிசரைடு உயர்ந்து எச்டிஎல் குறைந்திருக்கிறதா? வயிற்று ஸ்கேனில் 'கொழுப்புக் கல்லீரல்' என்று எழுதியிருக்கிறதா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரைப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு இன்சுலினையும் அளந்து கணக்கிடும் முறை ஒன்று உண்டு. எடை சரியாக இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். கிடங்கு சிறியவர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே வழிந்துவிடும்.

இது திரும்புமா? எவ்வளவு நாளாகும்?

திரும்பும், அதுவும் பலர் நினைப்பதைவிட வேகமாக. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு 2011இல் வகை 2 நீரிழிவு உள்ள 11 பேருக்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி உணவு மட்டும் கொடுத்தது. ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கணையத்தின் கொழுப்பு குறைந்து அது தேறி வர 8 வாரம் ஆனது. 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில் இதைப் போன்ற உணவு முறையைக் குடும்ப மருத்துவர்களின் சாதாரணச் சிகிச்சைச் சூழலில் செய்து பார்த்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நீரிழிவிலிருந்து மீண்டிருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர். உடற்பயிற்சியின் பலன் இன்னும் சீக்கிரம் தெரியும். ஒரு முறை நன்றாக வேலை வாங்கிய தசை, அடுத்த ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்கு நன்றாகக் காது கொடுக்கும்.

இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டெய்லரின் ஆய்விலும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மருத்துவர் கண்காணிப்பில்தான் தொடங்கினார்கள். உங்களுக்கும் எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை முதலில் மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், உணவை அதற்கப்புறம் மாற்றுங்கள்.